பாதை ஏன் தாழ்ந்தது?

அபிராமபுரத்துப் பழைய வீடுகளில் வாசல் கேட்டிலிருந்து படி வரையில் உள்ள சிமெண்டு நடைபாதை மிஞ்சிப் போனால் இருபது அடி நீளம் இருக்கும். அந்த இருபது அடிக்குள் இரண்டு பாளங்கள் தாழ்ந்து போயிருந்தால் வீட்டிலுள்ளோர் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. நாளடைவில் பள்ளம் மனப்பாடமாகிவிடுகிறது; கால் தானே அதைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆனால், விருந்தாளிக்கு அந்தப் பாடம் தெரியாது. வீட்டுப் பாட்டிக்கோ பாடம் தெரிந்தும் காலைத் தூக்கி வைக்கச் சக்தி போதாது. தடுக்கி விழுவதற்கு அரை அங்குல உயர வித்தியாசம் போதும். வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிந்தால், மறுபடி பழையபடி நடமாடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அறியாத குடும்பம் நம்மிடையே குறைவு. ஆகவே, இந்தச் சின்ன விஷயத்தை இவ்வாரம் சற்று விரிவாகவே கவனிப்போம்.

பள்ளத்தைக் கண்டதும் நாம் சாதாரணமாகச் செய்வது என்ன? கொத்தனாரை அழைத்து, அதன்மேல் ஒரு சட்டி சிமெண்டுக் கலவையைக் கொட்டிப் பூசச் சொல்கிறோம். அன்று மாலை பாதை கண்ணாடி போல் இருக்கிறது. அந்தச் சந்தோஷம் ஒரு மழைக்காலம் வரையில் நீடிக்கும். பிறகு பூச்சு ஓரங்களில் பொருக்குவிட்டு உரிகிறது. கீழே உள்ள பாளமோ, தலைமேல் ஏற்றிய புதிய பாரத்தையும் சுமந்துகொண்டு இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. கணக்கு வகுப்பில் விடை தவறென்று தெரிந்ததும் கடைசி வரியை மட்டும் அழித்துவிட்டு வேறு எண்ணை எழுதிவைக்கும் பையனைப் பார்த்திருக்கிறோம். பிசகு மூன்றாம் வரியில் இருக்கும்போது கடைசி வரியைத் திருத்தி என்ன பிரயோஜனம்?

நடைபாதைக் கணக்கில் மூன்றாம் வரி, பாளத்தின் கீழுள்ள மண்தான். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி, நமது அண்ணா சாலையில் ஒரு பஸ்ஸும் ஒரு காரும் திடீரென்று பூமிக்குள் இறங்கின. அந்த இடத்துக்குக் கீழே மெட்ரோ ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டும் வேலை நடந்து வந்தது. மேலே சாலை நன்றாய்த்தான் இருந்தது. அதைத் தாங்கிய மண் நழுவிவிட்டது. நம் வீட்டு வாசலில் நடப்பதும் இதே காரியந்தான். என்ன, சிறிய அளவில், பல வருஷங்களாகச் சாவதானமாய் நடக்கிறது.

மண் நழுவுவதற்குக் காரணங்கள் பல. முதலாவது, வீட்டுக்கு வீடு இருக்கும் தரைத்தொட்டி. 'சம்ப்' என்று எல்லோரும் சொல்லும் இந்தத் தொட்டியைக் கட்டப் பெரிய குழி வெட்டுகிறார்கள். சுவர் எழுந்தபின், சுற்றிலுமுள்ள சந்தில் தோண்டிய மண்ணையும் செங்கல் உடைசலையும் தள்ளி மூடிவிட்டு, திமிசுக் கட்டையால் இடிக்காமலே மேலே தளம் போட்டுவிடுகிறார்கள். அந்த மண் தானாக இறுகும்போது தளமும் கூடவே இறங்குகிறது. இரண்டாவது, களிமண். கடற்கரை ஓரத்தில் மணலாயிருக்கும் சென்னைப் பூமி, மேற்கே மாம்பலம் பக்கம் போகப் போகக் களிமண்ணாகிறது. களிமண் மழையில் ஊதும். கோடையில் சுருங்கி வெடிக்கும். உங்கள் வீட்டில் எந்த மண் என்பதை ஓர் அடி தோண்டினால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, பெருச்சாளி. உடைந்த சாக்கடைக் குழாய் வழியாக வந்து அது மண்ணைப் பறித்துத் தள்ளுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் துணைநிற்பது தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால், ஏறக்குறைய 9,300 லிட்டர் நீர் சேரும். கார்த்திகையில் சென்னைக்கு இது புதிதல்ல. மாடிக் குழாய் அவ்வளவையும் நடைபாதை ஓரத்தில் கொட்டினால், மண் அங்கே எப்படி நிற்கும்? சுவர்ப்பக்கம் தாழ்ந்த பாதை, அந்த நீரை நேரே அஸ்திவாரத்துக்கு அழைத்துச் செல்லவும் செய்யும்.

ஆகையால், கடப்பாரையைத் தொடுமுன் நீரின் வழியை ஆராயவேண்டும். நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று, எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். ஓரிரவு சம்ப்புக்கு நீர் வரும் குழாயை மூடி, மோட்டாரும் போடாமல், நீர்மட்டத்தைச் சுவரில் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டி கசிகிறது. பாளத்தைக் கடப்பாரையின் அடியால் தட்டுங்கள். 'டொம்' என்று சத்தம் வந்தால் கீழே வெற்றிடம். வீட்டுச் சுவரிலும் விரிசல் கண்டால், அது கொத்தனாரோடு தீரும் காரியமன்று. கட்டட என்ஜினீயரை அழைப்பதே விவேகம்.

நீர்க்கசிவை அடைத்தபின், முழுதாயுள்ள பாளத்தை உடைக்கவேண்டியதில்லை. தூக்கி வைத்தாலே போதும். மூன்றடிச் சதுரமும் மூன்றங்குலக் கனமும் உள்ள பாளம் சுமார் 150 கிலோ இருக்கும். ஆகவே மூன்று பேராவது வேண்டும். பக்கத்தில் சிறு குழி பறித்து, ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, கடப்பாரையால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி, நெம்பிய அளவுக்கு மரத்துண்டுகளைச் செருகிக்கொண்டே போகவேண்டும். எக்காரணத்தைக்கொண்டும் கையைப் பாளத்தின் அடியில் விடக்கூடாது. பாளத்தை ஒருபுறம் நகர்த்தியதும், இளகிய மண்ணையும் வேரையும் நீக்கி, கல் உடைக்கும் கிரஷரில் கிடைக்கும் தூளைக் கொட்டுங்கள். மூன்று அங்குலத்துக்கு ஒரு முறை லேசாக நனைத்துத் திமிசுக் கட்டையால் இடிப்பது அவசியம். மட்டக்குழாய் வைத்துப் பார்த்து, சுவரிலிருந்து வெளியே அடிக்குக் கால் அங்குலம் சாய்வு கொடுங்கள். புதிய மண் சற்று இறுகுமாதலால், பாளத்தைக் கால் அங்குலம் உயரமாகவே அமர்த்தலாம்.

பாளம் துண்டு துண்டாய் உடைந்திருந்தால் புதிதாகப் போடுவதே மேல். அப்போதும் அடிமண்ணை இடித்த பிறகே போடவேண்டும். ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி, நான்கங்குலக் கனம், நாலடிக்கு ஒரு பிரிவு என்பவை வீட்டுப் பாதைக்குப் போதும். ஆனால், மறுநாளே அதன்மேல் ஸ்கூட்டரை ஏற்றிவிடுகிறோமே, அதுதான் தவறு. கலப்புச் சிமெண்டானால் குறைந்தது 10 நாள், வறண்ட வெயில் காலமானால் 14 நாள் ஈரம் காயாமல் வைக்கவேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி. இந்த வேலைக்குத் தையிலிருந்து பங்குனி வரையில் உகந்த காலம்.

தூக்கமுடியாத பெரிய தளங்களுக்கு வேறு உபாயம் உண்டு. தளத்தில் சிறு துளைகள் இட்டு, மண்ணும் சிமெண்டும் கலந்த குழம்பை அழுத்தத்துடன் செலுத்தித் தளத்தை உயர்த்தும் முறை, 1930-களிலேயே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கையாளப்பட்டது. இப்போது குழம்புக்குப் பதிலாக, உள்ளே சென்று உப்பிக்கொள்ளும் நுரைப் பிளாஸ்டிக்கையும் செலுத்துகிறார்கள். வீட்டுப் பாதைக்கு இவ்வளவு ஆடம்பரம் தேவையில்லை.

வாசலுக்கு வெளியே தெருவிலும் இதே கதைதான். பழைய சாலையைச் சுரண்டாமல் தார்மேல் தார் போட்டதனால், எத்தனையோ வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்துபோய், மழை நீர் உள்ளே புகுகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போடவேண்டுமென்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது இதை நினைவூட்டத் தயங்கவேண்டாம். தெரு நடைபாதை தாழ்ந்திருந்தால் மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

இன்னொன்று. பாதையைச் செப்பனிடும் உற்சாகத்தில் முற்றம் முழுவதையும் சிமெண்டால் மூடிவிடாதீர்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003-ல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. 2019 கோடையில் குடத்துடன் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். நடைபாதைக்கும் சுவருக்கும் எட்டி ஓரிடத்தில் மண்ணைத் திறந்துவிட்டு, மாடி நீரை அங்கே செலுத்துங்கள். பாதையைக் கெடுத்த அதே நீர், அங்கே போனால் கிணற்றுக்கு வரும்.