ஊசிக் காதும் ஏலக்காய் மூட்டையும்

"எங்கள் வேதம் பணக்காரனுக்கு விரோதமானது, ஏழைக்கு ஆதரவானது" என்று கிறிஸ்தவத் தோழர்கள் நம்மிடம் அடிக்கடி சொல்லுகிறார்கள். ஐசுவரியவானையும் ஒட்டகத்தையும் ஊசிக் காதையும் சேர்த்து ஏசு சொன்னதாக உள்ள வாக்கை எடுத்துக்காட்டுகிறார்கள். சந்தோஷம். சூத்திரன் பொருள் சேர்க்கலாகாது என்கிற மனுதர்மத்துக்கு இது எவ்வளவோ மேல் என்று ஒப்புக்கொள்ள நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அந்த ஊசியை வைத்துக்கொண்டு இத்தனை நூற்றாண்டாய் ஏழைக்கு என்ன தைத்துக் கொடுத்தார்கள் என்பதுதான் நமது கேள்வி.

குரங்கணியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலைமீது டாப் ஸ்டேஷன் இருக்கிறது. மூணாறுத் தேயிலையை அதுவரை ரயிலில் கொண்டுவந்து, ரோப்வேக் கம்பியில் கொட்டக்குடிக்கு இறக்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூருக்கு அனுப்பிய காலம் ஒன்றுண்டு. அந்த மலை ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்துபோயிற்று. 1897-ல் ஏற்பட்ட கண்ணன் தேவன் கம்பெனி கிளாஸ்கோ நகரத்துப் பின்லே கம்பெனியின் கையில் இருந்தது. ஆகவே தேயிலையும் சீமைக்குப் போயிற்று, லாபமும் சீமைக்குப் போயிற்று. அந்த ஸ்காட்லாந்துத் துரைமார்கள் பக்தியில் குறைந்தவர்களா? இல்லை. 1910-ல் அடிக்கல் நாட்டி மூணாறிலே கல்லால் கோயில் கட்டியவர்கள். கொழுந்து கிள்ளியவர்களோ கங்காணியிடம் முன்பணம் வாங்கி மலையேறிய தமிழர்கள். கூலியைப் பிடித்துவைத்துக்கொள்ளும் முதலாளிகளை யாக்கோபு என்பவர் காய்ச்சியெடுத்திருக்கிற நிருபமும் அவர்கள் வேதத்திலேதான் இருக்கிறது. அது கங்காணி முறையை அசைக்கவில்லை.

ஏன் அசைக்கவில்லை? எதிர்ப்பக்கத்துக்கும் அதே புஸ்தகத்தில் இடமிருப்பதால்தான். ஐம்பதாவது வருஷம் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பவேண்டும் என்று லேவியராகமம் 25-ம் அத்தியாயம் விதிக்கிறது. அதே அத்தியாயம், அந்நிய ஜாதியாரை அடிமையாய் வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாய் வைத்துப்போகவும் அனுமதி கொடுக்கிறது! லாசரு கதையில் ஏழைக்கு ஆறுதல் உண்டு, செத்த பிறகு. திராட்சைத் தோட்டக் கதையில் காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலி. இது நமக்குப் பிடித்த கதை. கடைசியில் வந்தவனுக்கும் வயிறு ஒன்றுதானே! ஆனால் இது நியாயமா என்று கேட்டவனுக்கு எஜமானன் சொல்லும் சமாதானம், என் பணம், என் இஷ்டம் என்பது. எந்தத் தோட்ட முதலாளிக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

நிற்க, இது வெள்ளைக்காரன் போனதோடு தீர்ந்த சங்கதியல்ல. போடி ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கவுதமாலா என்ற பெயர் நன்றாய்த் தெரியும். அமெரிக்கக் கண்டத்தின் நடுவிலுள்ள அந்தத் தேசத்துக்கு ஏலச்செடி போய்ச் சேர்ந்தது சுமார் நூறு வருஷத்துக்கு முன்புதான். அதற்குள் ஏற்றுமதியில் நம்மைத் தாண்டிவிட்டது. அங்கே காய் அதிகம் விளைந்தால் இங்கே விலை விழுகிறது. அங்கே தோட்டக்காரனும் கிறிஸ்தவன், காய் பறிக்கிற மாயா வம்சத்துக் கூலிக்காரனும் கிறிஸ்தவன். வேதத்தால் பேதம் ஒழியுமானால் அங்கேயல்லவா முதலில் ஒழிந்திருக்கவேண்டும்? அந்தக் காயோ பெரும்பாலும் அரபு தேசத்துக் காப்பியில் போய் விழுகிறது. 2019-ல் நம் மலைக் காய் ஓர் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறுகிற பெண்களுக்கு, விலை ஏறினால் கூலி கூடவே ஏறுவதில்லை; விலை விழுந்தால் மாத்திரம் வேலைநாள் குறைகிறது.

பின் கூலி எப்படித்தான் ஏறும்? 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், 20 சதவிகித போனஸைப் பத்தாகக் குறைத்ததற்காக, சங்கத் தலைவர்களையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு ரஸ்தாவில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். இருபது சதவிகிதம் வந்தது. 232 ரூபாய் நாட்கூலி அக்டோபரில் 301 ஆயிற்று. ஏலத்தோட்டக் கூலியும் 330 என்று நிர்ணயமாயிற்று. அங்கே ஏசுவைத் தொழுகிறவர்களும் உண்டு, மாரியம்மனைத் தொழுகிறவர்களும் உண்டு. இரண்டு தெய்வமும் அத்தனை வருஷமாய் மலைமேல்தான் இருந்தன.

கிறிஸ்தவத் தோழர்களுக்கு ஒரு விண்ணப்பம். யாக்கோபின் நிருபத்தைக் கூலி பட்டுவாடா செய்கிற நாளில், பட்டுவாடா செய்கிற இடத்திலேயே, அன்றைய காய் விலையோடு சேர்த்து உரக்க வாசியுங்கள். நாமும் வந்து கேட்கிறோம். தானதர்மத்தைப்பற்றிய வசனங்கள் ஒரு வருஷத்துக்கு ஓய்வெடுத்துக்கொள்ளட்டும்.