யார் கைக்கு இங்கிலீஷ்?

2019 அக்டோபரில் சீன அதிபர் ஜி ஜின்பிங்கும் பிரதமர் மோடியும் மாமல்லபுரத்தில் சந்தித்தனர். மொழிபெயர்ப்பாளர்கள் கூடவே இருந்தார்கள், பேச்சுக்குத் தடையில்லை. கடற்கரைக் கோயில் பக்கம் கல் யானை விற்கும் பையனுக்கு மொழிபெயர்ப்பாளரை யார் தருவார்? பிரெஞ்சுக்காரர் வருகிறார், ஜப்பானியர் வருகிறார். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தாய்மொழியல்லாத இங்கிலீஷில்தான் பேரம். இலக்கணம் ஓட்டைதான், ஆனால் விலை படிந்துவிடுகிறது!

இன்று உலகில் இங்கிலீஷ் பேசுவோரில் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சிறுபான்மையினரே. அது வெள்ளைக்காரனின் தனிச் சொத்தல்ல. நாம் கேட்பது, இந்தக் கருவி ஏழையின் கைக்கு எப்போது வரும் என்பதுதான்.

செங்கல்பட்டு வட்டார ஆலைகளைப் பாருங்கள். மதுராந்தகத்தில் நாற்று நட்ட தாயின் மகன், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களோடு தோளுரச வேலை செய்கிறான். மேலதிகாரி ஜெர்மானியராகவோ கொரியராகவோ இருக்கலாம். ஆலை அறிவிப்புகள் இங்கிலீஷிலும், பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். பெரும்பான்மையில் சேராத ஒடிசாத் தொழிலாளி எதைப் படிப்பான்? மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவனின் கூச்சல் புரியாவிட்டால் போவது அவன் விரல். அவனவன் மொழியில் அறிவிப்பு வைப்பது முதலாளியின் கடமை. அதை நாம் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் தொழிலாளியும் தொழிலாளியும் பேசிக்கொள்ள நாலு வார்த்தை பொதுவாக வேண்டாமா?

1968 முதல் நம் மாநிலத்தின் கொள்கை தமிழும் இங்கிலீஷும். நம் பிள்ளைகள் பத்து வருஷம் இங்கிலீஷ் படிக்கிறார்கள். மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்குகிறார்கள். வாய் மட்டும் திறப்பதில்லை. உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களே என்ற பயம்! இந்தப் பயத்தை வைத்துத்தான் கட்டணப் பள்ளிகள் பணம் பறிக்கின்றன.

பயத்துக்கு ஆதாரமே இல்லை. மொழியறிஞர் ஜெனிபர் ஜென்கின்ஸ், தாய்மொழிக்காரரல்லாதவர்கள் தமக்குள் பேசுவதை ஆராய்ந்து 2000-ல் நூல் வெளியிட்டார். நாக்கைப் பல்லிடையே வைத்துச் சொல்லும் ஒலி பிசகினாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறதாம். குறில் நெடில் மாறினால்தான் வம்பு: 'ஷிப்' கப்பல், 'ஷீப்' ஆடு. குறில் நெடிலைத் தமிழ்ப் பிள்ளைக்கா சொல்லித்தர வேண்டும்!

பாடங்கள் தமிழிலேயே நடக்கட்டும். அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் பேசவும் தனி நேரம் ஒதுக்கி, பேச்சுக்கும் மார்க் தர வேண்டும். ஆசிரியர் காலியிடங்களை நிரப்ப வேண்டும். சங்கக் கட்டிடங்களில் இரவு வகுப்பு தொடங்குங்கள், தோழர்களே. ஒடிசாத் தோழரையும் அழைத்து வாருங்கள், அவருக்குத் தமிழும் சொல்லிக்கொடுங்கள்.