மின்னூர்தியும் மின்னின் ஊற்றும்

பொதியமலையிலிருந்து இழியும் தாமிரபரணியின் நீர், பாபநாசத்தில் 1944 முதல் மின்னாற்றலைத் தந்து வருகின்றது. அவ்வாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையிலுள்ள தூத்துக்குடியில், வியத்நாம் நாட்டு வின்பாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை 2025 ஆகஸ்டுத் திங்களில் திறக்கப்பெற்றது.

மின்னூர்தி புகை கக்குவதில்லை. இரைச்சலும் மிகக் குறைவு. கியர் மாற்றும் தொல்லையின்றி, மிதித்தவுடன் விரைந்து செல்லும். மலைச்சரிவில் இறங்குங்கால் அதன் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, மின்கலத்திற்கு ஆற்றலை ஓரளவு மீட்டளிக்கும். வீழும் நீர் பாபநாசத்தில் செய்யும் பணியை, இறங்கும் ஊர்தியும் செய்கின்றதன்றோ?

ஆயினும், நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரத்தால் ஊர்தி ஓடுமாயின், நெல்லைத் தெருவின் புகையில் ஒரு பகுதி தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்கு இடம் மாறுமேயன்றி ஒழியாது. கயத்தாற்றுக் காற்றும், நெல்லைச் சீமையின் வெயிலும் தரும் மின்சாரம் பெருகப் பெருகவே மின்னூர்தியின் தூய்மை நிறைவுறும். ஆதலின், ஊர்தி வாங்குவோர் அதன் விலையை மட்டுமன்றி, அதற்கு ஊட்டும் மின்சாரத்தின் ஊற்றையும் கேட்டறிதல் கடனாகும்.