பி.சி.ஜி. ஊசியும் பெற்றோரின் ஐயமும்

காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசியை இந்தியச் சிறார்களுக்குப் போடும் முயற்சி 1948-இல் மதனப்பள்ளியில் சோதனை அளவில் தொடங்கியது. மருந்தைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடமும் அதே ஆண்டில் சென்னை கிண்டியில் அமைந்தது. மாட்டுக் காசநோய்க் கிருமியைக் கால்மெட், கெரான் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இருவர் 13 ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குன்றச் செய்ததன் விளைவே இம்மருந்து என்பதால், இதில் இருப்பது உயிருள்ள கிருமியே. பின்னர் எழுந்த அச்சத்துக்கும் இதுவே வேராயிற்று.

ஊசி போடுவதற்கு முன், டியூபர்குலின் என்னும் கிருமிச் சாற்றைச் சிறுவரின் முன்கைத் தோலுக்குள் சிறிதளவு செலுத்தி, மூன்றாம் நாள் அவ்விடத்தில் தடிப்பு உண்டா என்று விரலால் தடவி அளந்து பார்ப்பார்கள். தடிப்பு இருந்தால் கிருமி ஏற்கெனவே உடலில் புகுந்துவிட்டது என்று பொருள், இல்லாதவருக்கே ஊசி. அம்மை குத்துவதற்கு ஒரு நாள் போதும் என்று பழகியிருந்த ஊர்களில், மூன்றாம் நாளும் பிள்ளைகளைத் திரட்டுவது எளிதாக இல்லை. வராமல் போன பிள்ளைக்கு ஊசியும் இல்லாமல் போயிற்று. திரவ நிலையில் இருந்த மருந்தோ சில வாரங்களே தாங்கும், வெயில் பட்டால் கெட்டுவிடும். இத்தனை இடர்களுக்கிடையே ஊர் ஊராகச் சென்ற களப்பணியாளர்களின் உழைப்பு உரிய அளவில் நினைக்கப்படவில்லை.

1951-இல் நாடளாவிய இயக்கமாக விரிந்த இத்திட்டத்தை 1955-இல் இராஜாஜி வெளிப்படையாக எதிர்த்தார். நோயற்ற குழந்தையின் உடலில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவது தகுமா, அறிவியலாளரிடையே கருத்தொருமை இல்லாத ஒன்றை மக்கள் அனைவர்க்கும் பரப்பலாமா என்பன அவர் எழுப்பிய வினாக்கள். மருந்தைப் பற்றிய அவருடைய அச்சம் மிகையானது என்றே கொள்ள வேண்டும். ஆயினும், பெற்ற பிள்ளையின் கையில் என்ன ஏற்றப்படுகிறது என்று கேட்கும் உரிமை தாய்தந்தையருக்கு உண்டு என்பதையும், அக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கும் நிர்வாகம் தன் பணிக்கே ஊறு செய்துகொள்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஊசியின் பயனை அளந்தறிய 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, ஏறத்தாழ 2,60,000 பேரை உட்படுத்திய ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்று காட்டியது. இயக்கத்தை நடத்தியவர்களுக்கு அது பேரிடியே. ஆனால், கைக்குழந்தைகளின் உயிரைக் குடிக்கும் மூளைச்சவ்வுக் காசநோயிலிருந்தும் உடலெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் இது நல்ல காப்பளிப்பதைப் பிற ஆய்வுகள் நிறுவியுள்ளன. பிறந்த குழந்தைக்கு இன்றும் இது போடப்படுவது இக்காரணம் பற்றியே; டியூபர்குலின் சோதனையும் மூன்று நாள் காத்திருப்பும் இப்போது இல்லை.