கோபேயில் இருந்த எங்கள் வீடு



"முகம் தெரியாத ஒருத்திக்குக் கடிதம் எழுதி என்ன பயன்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இதே கேள்வியை 1986இல் என் பெரிய வாப்பாவும் கேட்டார்.

முல்லைத்தீவு மாவட்டத்து நீராவிப்பிட்டி எங்கள் ஊர். அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஆங்கில ரீச்சர் தந்த முகவரிக்கு, ஜப்பானின் கோபே நகரில் இருந்த என் வயதுப் பெண் ஒருத்திக்கு எழுதினேன். "குமருக்கு எதற்கு வெளிநாட்டுக் கடிதம்?" என்றார் பெரிய வாப்பா. என் வாப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். போகிற கடிதத்தையும் வருகிற கடிதத்தையும் வீட்டில் எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும். இரண்டாவது கடிதம் வந்தபோது முதலில் பாயில் வந்து உட்கார்ந்தவர் பெரிய வாப்பாதான்!

நாம் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவோம். ஜப்பானியர்களோ பருவகாலத்தைச் சொல்லித் தொடங்குவார்கள். வெயில், பனி, பூ மலர்ந்தது எல்லாம் சொன்ன பிறகுதான் விஷயம். முகவரியும் நமக்குத் தலைகீழ். முதலில் மாநிலம், பிறகு நகரம், பகுதி, கடைசியில்தான் ஆளின் பெயர். ஆங்கிலத்தில் இருவரும் ஒரே மாதிரித் தவறு விட்டோம். தமிழைப் போலவே ஜப்பான் மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் முடிவில் வரும் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஜப்பானின் முதல் பள்ளிவாசல் 1935இல் கோபேயில்தான் திறக்கப்பட்டது. 1945 குண்டுவீச்சில் சுற்றுப்புறம் எரிந்தும் அது நின்றது. "பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். நீ எழுதிய பிறகுதான் அதை நின்று பார்த்தேன்" என்று எழுதினாள்.

அவள் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். கிணற்றிலிருந்து குசினி எவ்வளவு தூரம்? பெருநாள் வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை? முற்றத்தில் என்ன மரம்? பதில் எழுத நான் கிணற்றடியிலிருந்து எட்டு வைத்து எண்ணினேன். பத்தொன்பது எட்டு. உம்மாவின் கையளவையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறந்து வளர்ந்த வீட்டை அப்போதுதான் கண் திறந்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். நாங்களும் உடுத்த உடையோடு வவுனியா வழியாகப் புத்தளம் வந்து சேர்ந்தோம். படம், பத்திரம், அவள் கடிதங்கள் எல்லாம் வீட்டோடு போயின. ஆனால் எழுதி எழுதி அவளுடைய முகவரி என் விரலில் பதிந்திருந்தது. அகதி முகாமிலிருந்து ஒரு ஏரோகிராம் போட்டேன்.

தடித்த உறையில் பதில் வந்தது. நான் எழுதிய பதினொரு கடிதங்களையும் போட்டோ கொப்பி எடுத்து அனுப்பியிருந்தாள். ஓலைக் கொட்டிலுக்குள் விளக்கு வெளிச்சத்தில் வாசித்தேன். கிணற்றின் பத்தொன்பது எட்டும் அதில் இருந்தன. உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் வீட்டை ஒருத்தி கோபேயில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்!

1995 ஜனவரி 17 விடிகாலையில் கோபே நகரம் குலுங்கியது. அந்தப் பூகம்பத்தில் 6,400 பேருக்கு மேல் மாண்டார்கள். பள்ளிவாசல் அப்போதும் நின்றது. தோழியின் தெரு எரிந்தது. மூன்று மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. குடும்பத்தோடு ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருக்கிறாளாம். "உன் கடிதங்களும் எரிந்துவிட்டன, மன்னித்துக்கொள்" என்று எழுதியிருந்தாள். வீட்டை இழந்தவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! முகாமுக்கு வந்த பிறகு அவள் எழுதிய கடிதங்கள் என்னிடம் இருந்தன. அவற்றில் அவள் வீட்டுச் சமையலறையும் மாடிப்படியும் பாட்டியும் இருந்தார்கள். புத்தளம் பட்டணத்தில் அவற்றையெல்லாம் கொப்பி எடுத்து அனுப்பினேன்.

2009இல் போர் முடிந்த பின் எங்கள் ஊருக்குக் குடும்பங்கள் திரும்பத் தொடங்கின. நானும் போனேன். வீடு இருந்த இடத்தில் காடு மண்டியிருந்தது. கிணற்றை மட்டும் கண்டுபிடித்தோம். அதன் கட்டிலிருந்து பத்தொன்பது எட்டு வைத்தேன். எட்டு இப்போது கொஞ்சம் பெரியது. ஆனாலும் காலடியில் அடுப்புக் கல் தட்டுப்பட்டது. உம்மா அதைப் பார்க்க இல்லை.

சகோதரி, என்ன பயன் என்று கேட்டீர்கள். முகம் தெரியாதவளுக்கு எழுதும்போது எதையும் 'உனக்குத்தான் தெரியுமே' என்று விட்டுவிட முடியாது. கிணற்றையும் அடுப்பையும் முழுதாகச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னதுதான் எங்களுக்கு மிஞ்சியது.

இன்று உங்கள் கையில் தொலைபேசி இருக்கிறது. எழுத யாரும் அமையாவிட்டால் தூரத்தில் இருக்கும் பேத்திக்காவது உங்கள் குசினியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். அவளிடமிருந்து வரும் பதிலையும் பத்திரமாக வையுங்கள். அவளுக்கும் ஒருநாள் அது தேவைப்படலாம்.