போதையில் பைக்: பின்னால் உட்கார்ந்தவர் மீதும் கேஸ் வருமா?

நாகர்கோவிலில் ரிசப்ஷன் முடிந்து, ராத்திரி பூதப்பாண்டிக்கு பைக்கில் திரும்பும் ரெண்டு நண்பர்கள். ஓட்டுபவர் குடித்திருக்கிறார். 'நான் ஓட்டலையே, எனக்கென்ன?' என்று பின்னால் இருப்பவர் நிம்மதியாக இருக்கிறார். அந்த நிம்மதி சட்டப்படி செல்லாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம்; தள்ளாட வேண்டியதில்லை. முதல்முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இல்லை ரெண்டுமே. மறுபடி சிக்கினால் சிறை 2 ஆண்டு வரை, அபராதம் 15,000.

இதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-வது பிரிவு. 2022 அக்டோபரில் தமிழகத்தில் புதிய அபராதங்கள் வந்தபோது, பின்னால் உட்கார்ந்து வருபவர் மீதும் வழக்குப் பாயும் என்று சென்னை போக்குவரத்து போலீஸ் அறிவித்தது. ஆனால் 'உடந்தை' என்பதை நிரூபிக்க வேண்டியது போலீஸ்தான். குடித்திருப்பது தெரிந்தே ஏறினாரா என்பதுதான் அங்கே கேள்வி.

ஸ்பாட் ஃபைன் கட்டிவிட்டுக் கிளம்பலாமா? முடியாது. சமரசம் செய்துகொள்ளும் குற்றங்களின் பட்டியலில் 185 இல்லை; கோர்ட்டுக்குத்தான் போகணும். ஊத மறுத்தாலும், குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

விபத்தில் யாராவது இறந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. உயிர் போகலாம் என்று தெரிந்தே ஓட்டியதாக நிரூபணமானால் 105-வது பிரிவு. அதில் 10 ஆண்டு வரை.