இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்களைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு

இலையின் அடிப்புறத்தில் சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன்களைத் தின்று வாழும் சிலந்திப்பேன் இனங்களும் உண்டு. ஃபைட்டோசெய்டே குடும்பத்தைச் சேர்ந்த இந்த இரைவிழுங்கிகள் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளமே இருக்கும். பூச்சிக்கொல்லிக்கு மாற்றாக இவற்றைப் பயிரில் விடும்போது, நாளொன்றுக்கு எத்தனை இரையைத் தின்னும் என்ற கணக்கே முதலில் பார்க்கப்படுகிறது. அது போதாது. காற்று வறண்டால் முட்டை பொரிக்குமா, இரை தீர்ந்தபின் எதைத் தின்று பிழைக்கும் என்ற கேள்விகளுக்கான விடையைப் பொறுத்தே அது விட்ட இடத்தில் தங்கும்.

வறட்சியில் முதலில் மடிவது முட்டை. வளர்ந்த இரைவிழுங்கி பனித்துளியைக் குடிக்கும்; இரையின் உடற்சாற்றிலிருந்தும் நீர் பெறும். முட்டைக்கு அந்த வழியில்லை. இட்டபோது உள்ளே இருந்த நீர் வற்றுவதற்குள் அது பொரித்தாக வேண்டும். பசுமைக்குடில்களில் பரவலாக விடப்படும் ஃபைட்டோசெயுலஸ் பெர்சிமிலிஸ் நாளுக்குச் சுமார் 5 முதிர்ந்த சிலந்திப்பேன்களையோ 20 முட்டைகளையோ தின்றுவிடும். ஆனால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அதன் முட்டைகள் பொரிப்பது வேகமாகக் குறைகிறது. பயிரைத் தாக்கும் சிலந்திப்பேனோ வறண்ட வெயிலில்தான் பெருகும். தேவை மிகும் நாளிலேயே இரைவிழுங்கியின் பெருக்கம் தளர்கிறது. இலையை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலம் சுற்றுப்புறத்தைவிடச் சற்று ஈரமாக இருப்பது ஓரளவு துணை. நீரின்றி வாடிய செடியில் அதுவும் குறைந்துவிடும்.

உணவிலும் இனத்துக்கு இனம் வேறுபாடு பெரிது. பெர்சிமிலிஸ், வலை பின்னும் சிலந்திப்பேன்களையே நம்பியிருக்கிறது. அவற்றைத் தீர்த்தபின் அதற்குப் பட்டினிதான். அம்ப்ளிசெயஸ் ஸ்விர்ஸ்கி வெள்ளை ஈயின் முட்டையையும் இலைப்பேனின் இளம்புழுவையும் தின்னும். அவை இல்லாதபோது மகரந்தத்தில் வாழ்ந்து முட்டையும் இடும். அதனால் பூச்சி வருமுன்பே அதைப் பயிரில் குடியேற்றிவிடலாம். சம்பங்கோரையின் மகரந்தத்தை இதற்காகவே இலைகளில் தூவுகிறார்கள். ஐபிசெயஸ் டிஜெனரன்ஸ் என்ற இனத்துக்கு மகரந்தம் கிடைக்கப் பசுமைக்குடிலுக்குள் ஆமணக்குச் செடி வளர்ப்பதும் உண்டு.

இந்த இரண்டையும் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதை ஆப்பிரிக்க மரவள்ளி வயல்கள் காட்டின. தென் அமெரிக்காவிலிருந்து வந்த பச்சைச் சிலந்திப்பேன் 1970களின் தொடக்கத்தில் உகாண்டாவில் தென்பட்டு, மரவள்ளி விளையும் நாடுகளெங்கும் பரவியது. 1980களில் கொலம்பியாவிலிருந்து தருவிக்கப்பட்ட இரைவிழுங்கிகள் லட்சக்கணக்கில் விடப்பட்டன. ஒன்றும் நிலைக்கவில்லை. பச்சைச் சிலந்திப்பேன் அருகிய காலத்தில் அவற்றுக்கு மாற்று உணவு கிடைக்கவில்லை. நீண்ட கோடையின் வறண்ட காற்றையும் அவற்றால் தாங்க முடியவில்லை.

அதன்பின் தேடல், வறட்சிக்குப் பேர்போன வடகிழக்கு பிரேசிலுக்குத் திரும்பியது. அங்கிருந்து வந்த டிஃப்லோட்ரோமாலஸ் அரிப்போவை 1993இல் பெனின் நாட்டில் விட்டார்கள். இது பெருந்தீனிக்காரன் அல்ல. நாளுக்குத் தின்பது சொற்பம். ஆனால் பகலில் மரவள்ளியின் நுனிக்கொழுந்துக்குள் ஒடுங்கியிருந்து, இரவில் இறங்கி இலைகளில் இரை தேடுகிறது. இரை இல்லாதபோது, அருகில் விளையும் மக்காச்சோளத்தின் மகரந்தத்தைத் தின்றும் உயிர் வாழ்கிறது. அது பல நாடுகளில் நிலைகொண்டது. அது தங்கிய வயல்களில் பச்சைச் சிலந்திப்பேன் குறைந்து கிழங்கு மகசூல் உயர்ந்தது. நுனிக்கொழுந்தில் ரோமம் அடர்ந்த மரவள்ளி ரகங்களில் அது கூடுதலாகத் தங்குவதும் தெரியவந்துள்ளது. ஆகவே, சோதனைக்கூடத்தின் ஈரக்காற்றில், இரை குவிந்திருக்கும் தட்டில் எடுத்த தீனிக்கணக்கை மட்டும் வைத்து இரைவிழுங்கியைத் தேர்ந்தெடுப்பது தவறு.